மெதுவாகப் பாடிய மைனா

"திருடன் ரெக்கார்டை எடுத்தது புரியுது. பித்தானை எதுக்கு எடுத்தான்?"

பூட்டக்கா இப்படிக் கேட்டதும், சன்னலோரம் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த கொசு வாயை மூடினான்.

"அவன் சட்டையில ஒரு பித்தான் அறுந்திருக்கும்க்கா. கைக்கு வாகா இருக்கேன்னு எடுத்துட்டுப் போயிருப்பான்."

"உன் வாய்க்குத்தான்டா ஒரு பித்தான் தைக்கணும்."

பூட்டக்காவின் அப்பா வைத்திருந்தது பூட்டுக்கடை. அவள் துப்பறியும் தொழிலுக்கு வந்த பிறகும் கடையின் பெயர் அவளை விட்டுக் கழலவில்லை. கொசு அவளுடைய உதவியாள். ஆள் என்னவோ ஆறடி. காதோரம் ஓயாமல் ரீங்காரமிடுகிற குணத்துக்காக வந்த பெயர் அது. கார் ஓட்டுவது, கதவு தட்டுவது, திட்டு வாங்குவது ஆகிய மூன்று வேலைகளையும் அவன் குறைவில்லாமல் செய்துவந்தான்.

அவர்களைத் தம் வீட்டுக்கு அழைத்திருந்தவர் மைனாம்மா. எழுபதைத் தாண்டியவர். ஒரு காலத்தில் நடன அரங்குகளில் ரும்பாவும் போலெரோவுமாக மேல்நாட்டுப் பாட்டுகள் பாடியவர். ஆஸ்பத்திரியில் தொண்டையில் கத்தி வைத்த பிறகு அவரிடம் மிஞ்சியிருந்தது, உப்புத்தாள் தேய்ப்பது போன்ற ஒரு கரகரப்பு மட்டும்தான்.

"அந்தப் பித்தான் யாரோடது தெரியுமா?" என்றார் அந்தக் கரகரப்பில். "பேண்டு மாஸ்டரோட வெள்ளைக் கோட்டுப் பித்தான். எனக்கு மைனான்னு பேர் வச்சவன் அவன்தான். வச்ச பேரை அழிச்சவனும் அவன்தான்."

கதை நீளமில்லை. அவர் பாடிய ஒரே ரெக்கார்டு, மைனா என்ற பெயரோடுதான் முதலில் வெளிவந்தது. அந்த வாரமே மாஸ்டருக்கு ஒரு பணக்கார வீட்டுப் பெண்ணோடு கல்யாணம் நிச்சயமானது. அடுத்து அச்சான ரெக்கார்டில் பெயரும் படமும் அந்தப் பெண்ணுடையவை, குரல் மட்டும் மைனாவுடையது. பழைய ரெக்கார்டுகளைக் கடைகடையாகத் திரும்ப வாங்கி, ஸ்டூடியோவின் பின்கட்டில் மாஸ்டரே கல்லில் அடித்து உடைத்தார்.

"அவன் கோட்டைப் பிடிச்சு இழுத்தேன். கையில ஒரு பித்தான்தான் மிஞ்சிச்சு. ஒரே ஒரு ரெக்கார்டை விளக்குக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சேன். சூட்டுல ஒரு பக்கம் லேசா வீங்கிப்போச்சு. அந்த இடம் வந்தா ஊசி எகிறிடும். ஊசிக்கை மேல அந்தப் பித்தானை வச்சாத்தான் தாண்டாம ஓடும். அவன் பாரத்தைத் தலையில வச்சுக்கிட்டுத்தான் நான் பாடணும்னு எழுதியிருக்கு பாருங்க."

"அந்த ரெக்கார்டுக்கும் கடையில வித்ததுக்கும் வேற வித்தியாசம் உண்டா?"

"உண்டு. பாட்டு தொடங்கறதுக்கு முன்னாடி அவன் 'மைனா, ரெடியா?'ன்னு கேப்பான். நான் சிரிச்சுக்கிட்டே, 'நான் எப்பவோ ரெடி மாஸ்டர், நீங்க தாளம் தப்பாம இருங்க'ம்பேன். அடுத்த அச்சுல அதை வெட்டிட்டான். ஊர்ல எத்தனை ரெக்கார்டு வேணும்னாலும் இருக்கட்டும், அவன் வாயாலயே என் பேரைச் சொல்றது இது ஒண்ணுலதான்."

கொசுவுக்கு இப்போது விஷயம் விளங்கியது. அன்று மாலை ஐந்து மணிக்கு, பழைய பாட்டு ரசிகர்கள் கூடி மாஸ்டருக்கும் அவர் மனைவிக்கும் பாராட்டு விழா நடத்துகிறார்கள். கூட்டத்தின் நடுவே அந்த ரெக்கார்டை ஓட விடுவதென்று மைனாம்மா கறுவிக்கொண்டிருந்தார். போன ஞாயிற்றுக்கிழமை பாட்டுக் கேட்க வந்த நண்பர்கள் மூவரிடமும் வாய்விட்டுச் சொல்லியும் விட்டார். நேற்று அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்புவதற்குள் ரெக்கார்டையும் பித்தானையும் காணவில்லை. பூட்டு பூட்டியபடியே இருந்தது. சாவி இருக்கும் பூந்தொட்டியும் அந்த மூவருக்கும் தெரியும்.

"எனக்கு நியாயம் கியாயம் எதுவும் வேண்டாம்மா," என்றார் மைனாம்மா. "அவன் மூஞ்சி செத்துப்போறதை நான் உயிரோட இருந்து பாக்கணும். அவ்வளவுதான்."

அறையில் ரெக்கார்டு ஓட்டும் பெட்டிகள் இரண்டு இருந்தன. ஒன்று சூட்கேஸ் போல மடங்கும் சிறிய பெட்டி. மற்றது தேக்கில் செய்த கனத்த பெட்டி. பூட்டக்கா அலமாரியிலிருந்து ஒரு சா-சா-சா நடன ரெக்கார்டை உருவிப் பெரிய பெட்டியில் வைத்தாள். தாளக் கட்டையும் கிலுகிலுப்பையும் அரைத்தூக்கத்தில் தள்ளாடின. பாட வந்த ஆண் குரல் சேற்றில் விழுந்து எழுந்து வந்தது.

"யாருக்கா இது? எருமைக்குச் சளி பிடிச்சிருக்கா?" என்றான் கொசு.

மைனாம்மாவின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்று புரிய ஒரு கணம் பிடித்தது.

"வேற தேசத்து மின்சாரத்துக்குச் செஞ்ச பெட்டி தம்பி. இங்க செருகினா மெதுவாத்தான் சுத்தும். மத்த ரெக்கார்டெல்லாம் சின்னப் பெட்டியில கேப்போம். என் ரெக்கார்டு மட்டும் இதுலதான். அதுல அவனும் கூடப் பாடறான் இல்லையா? ஞாயித்துக்கிழமை தவறாம அவனை எருமையாக்கிக் கேப்பேன். அன்னிக்குத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

"அவர் எருமையானா நீங்களும் கூடவே ஆகறீங்களேம்மா," என்றாள் பூட்டக்கா.

பெட்டியை அணைத்தாள்.

"ஒண்ணு மட்டும் நிச்சயம். விக்கிறவனுக்குப் பித்தான் எதுக்கு? உடைக்கிறவனுக்கும்தான் எதுக்கு? எடுத்தவன் அதைப் பாட வச்சுக் கேக்கணும்னு நினைச்சிருக்கான். நீங்க அஞ்சு மணிக்கு மண்டபத்துக்கு வந்துடுங்க."

"இந்தப் பெட்டியும் வரும்," என்றார் மைனாம்மா. கொசு பெட்டியைப் பார்த்தான், பிறகு தன் முதுகை நினைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை நண்பர்களில் முதலாமவர் கடிகாரக்காரர். கண்ணில் பொருத்திய பூதக்கண்ணாடியைக் கழற்றாமலே பேசினார்.

"நானாவது, அந்தம்மா வீட்டுல கை வைக்கிறதாவது!"

"அதை விடுங்க. அந்த ரெக்கார்டுல பாட்டுக்கு முன்னாடி ஒரு பேச்சு வருமே, அது எப்படி இருக்கும்? கேக்காத ஆளுக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க."

"மாஸ்டர் கிணத்துக்குள்ள இருந்து கூப்பிடுவார். அந்தம்மா சிரிக்கிறது, நாலு மருமகளை அடக்கி வச்ச மாமியார் சிரிக்கிற மாதிரி இருக்கும். மெதுவா ஓடுதுன்னு எங்களுக்குத் தெரியும்ங்க. அந்தம்மா சந்தோஷத்தைக் கெடுப்பானேன்?"

ஓய்வுபெற்ற இன்ஜின் டிரைவரிடமும் பூட்டக்கா அதே கேள்வியைத்தான் கேட்டாள்.

"ஏற்றத்துல முக்கிக்கிட்டுப் போற கூட்ஸ் வண்டி," என்றார் அவர். "அதான் மாஸ்டர். அந்தம்மா சிரிப்பு? சுருட்டு பிடிக்கிற பொம்பளை சிரிச்சா எப்படி இருக்கும், அப்படி."

காரில் ஏறியதும் கொசு ஆரம்பித்தான். "ஏன்க்கா, நேத்து எங்க இருந்தே, என்ன செஞ்சேன்னு கேக்காம, பாட்டுப் போட்டிக்கு நடுவர் மாதிரி குரல் எப்படி, சிரிப்பு எப்படின்னு கேட்டுக்கிட்டு வரீங்க?"

"எங்க இருந்தேன்னு கேட்டா யாரும் பொய் சொல்லிடலாம். இதுக்குப் பொய் சொல்லணும்னே யாருக்கும் தோணாது."

மூன்றாமவர் பல் டாக்டர். அவருடைய மருத்துவமனையில் கிராம்பு எண்ணெய் வாசனை அடித்தது. மேஜை மீது பிளாஸ்டர் மாவில் வார்த்த பல் வரிசைகள் ஊருக்கெல்லாம் சேர்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. நோயாளி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள் என்பதால் பூட்டக்கா கொசுவைச் சாய்வு நாற்காலியில் தள்ளினாள். ஒரு நொடியில் அவன் வாய்க்குள் ஒரு கண்ணாடியும் இரண்டு விரல்களும் இருந்தன. அவன் வாய் திறந்தும் பேச்சு வராமல் கிடந்தது அன்றுதான் முதல் தடவை.

"மைனாம்மா ரெக்கார்டு காணாமப் போயிடுச்சாமே? கேள்விப்பட்டேன். ரொம்பப் பாவம்," என்றார் டாக்டர்.

"ஆமா டாக்டர். நான்தான் அதைக் கேட்டதே இல்லை. பாட்டுக்கு முன்னாடி ஏதோ பேச்சு வருமாமே?"

டாக்டரின் முகம் இளகியது. பாட்டுப் பைத்தியங்களுக்கே உரிய இளகல் அது.

"அதுதாங்க அந்த ரெக்கார்டோட உயிரே! 'மைனா, ரெடியா'ன்னு அவர் கேக்கறதுல ஒரு கொஞ்சல் இருக்கும். இளவட்டக் குரல், பட்டு மாதிரி. உடனே அவங்க சிரிப்பாங்க. வெள்ளிக் கிண்ணத்துல ஸ்பூன் பட்ட மாதிரி ஒரு கிணிகிணி. சின்னப் பொண்ணு சிரிப்புங்க. முன்பல்லு ரெண்டும் தெரியச் சிரிக்கிறது காதுலயே தெரியும்!"

"எந்தப் பெட்டியில கேட்டீங்க டாக்டர்?"

"எந்தப் பெட்டின்னா? அவங்க வீட்டு..."

டாக்டரின் விரல்கள் கொசுவின் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டன.

"அவங்க வீட்டுப் பெட்டியில அவர் கூட்ஸ் வண்டி, அவங்க சுருட்டு பிடிக்கிற பொம்பளை," என்றாள் பூட்டக்கா. "அந்தப் பேச்சு இருக்கிறது உலகத்துலயே அந்த ஒரு ரெக்கார்டுலதான். அது ஓடினது அந்தச் சோம்பேறிப் பெட்டியில மட்டும்தான். வெள்ளிக் கிண்ணம் உங்க காதுல விழுந்திருக்குன்னா, ரெக்கார்டு வேற பெட்டிக்குப் போயிருக்கு. நேத்து."

டாக்டர் விரல்களை உருவிக்கொண்டு நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

"மாஸ்டர் என் அப்பா," என்றார்.

கொசு தாடையைத் தடவிக்கொண்டே எழுந்தான். "அதை மொதல்லயே சொல்லியிருந்தா என் வாய்க்கு விடுதலை கிடைச்சிருக்குமே, சார்!"

"அந்தக் குரல் எங்க அம்மா குரல்னு நம்பித்தான் வளர்ந்தேன். அப்படி ஒரு முதல் அச்சு இருக்குன்னு யாரோ சொன்னாங்க. யார் மகன்னு சொல்லாமப் போய்க் கேட்டேன். அப்பா வேற ஒரு பேரைச் சொல்லிக் கூப்பிடறாரு. என்ன செய்யச் சொல்றீங்க? விழாவுல போடப்போறாங்கன்னு தெரிஞ்சதும் அப்பாகிட்ட சொன்னேன். எடுத்துட்டு வாடான்னார். அம்மாதான், 'உடைக்கிறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை கேக்கணும், அந்தப் பித்தானும் வேணும்னு சொன்னியே, அதையும் கொண்டா'ன்னாங்க. வீட்டுப் பெட்டியில போட்டுக் கேட்டாங்க. ராத்திரி சாப்பாட்டு மேஜையில வச்சு அப்பா தன் கையாலயே உடைச்சார்."

குப்பைத்தொட்டியில் பிளாஸ்டர் தூளுக்கு அடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே கறுப்புத் துண்டுகள் இருந்தன.

அந்தக் கரகரத்த தொண்டைக்குச் சொந்தமாக இருந்த ஒரே குரல் குப்பைத்தொட்டியில் கிடந்தது. ஐந்து மணிக்கு மண்டபத்தில் காத்திருக்கும் கிழவியிடம் இதை யார் சொல்வது?

பூட்டக்கா பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். கண்ணாடித் தட்டின் மேல் துண்டுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து வட்டமாக்கினாள். நடுவிலிருந்த பெயர்க் காகிதம் சுரண்டப்பட்டிருந்தது. விரல் நுனியால் ஓரம் முழுக்கத் தட்டிக்கொண்டே வந்தாள். எந்தத் துண்டும் ஆடவில்லை.

"கொசு, மைனாம்மா ரெக்கார்டுல ஊசி ஏன் எகிறுது?"

"வீங்கியிருக்குன்னாங்க."

"இதுல வீக்கம் எங்க?"

கொசு குனிந்து பார்த்தான். தண்ணீர்ப் பரப்பு போல மட்டமாக இருந்தது. "குணமாயிடுச்சோ என்னவோ. டாக்டர் வீடாச்சே!"

"டாக்டர், பித்தான் இப்ப யார்கிட்ட இருக்கு?"

"அம்மாகிட்ட," என்ற டாக்டர் துண்டுகளைப் பார்த்தார். பிறகு பூட்டக்காவைப் பார்த்தார். "அப்படின்னா, அப்பா உடைச்சது?"

"உங்கம்மா எதை எடுத்துக் கொடுத்தாங்களோ, அதை."

டாக்டர் அங்கியைக் கூடக் கழற்றாமல் அவர்களோடு காரில் ஏறினார்.

மாஸ்டரின் மனைவி வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். மாஸ்டர் முன்னமே மண்டபத்துக்குப் போய்விட்டார். அந்த அம்மாளின் முகத்தை ரெக்கார்டு உறையில் பார்த்த எவரும் இன்றைக்கும் அடையாளம் கண்டுகொள்வார்கள். கையில் கனத்த தோல்பை. அதை மார்போடு அணைத்திருந்த விதத்திலேயே உள்ளே இருப்பது இன்னதென்று தெரிந்தது.

"அம்மா, அதை என்கிட்ட குடுங்க," என்றார் டாக்டர்.

"மாட்டேன்."

"அப்பா மானம் போயிடும்மா!"

"போகட்டும்டா. ரொம்ப நாளா இருந்துடுச்சு." அந்த அம்மாள் பூட்டக்காவிடம் திரும்பினார். "நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியுது. கல்யாணமான நாள்லேருந்து எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் ஒரு பாட்டுப் பாடுங்கம்பாங்க. 'அவளுக்குத் தொண்டை சரியில்லை'ன்னு அவரே பதில் சொல்லிடுவார். சமையல்கட்டுல கூட நான் முணுமுணுக்கக் கூடாது. வேலைக்காரங்க காதுல விழுந்தா குட்டு உடைஞ்சிடுமாம். இவன் குழந்தையா இருக்கறப்ப 'பாடும்மா'ம்பான். விளக்கை அணைச்சுட்டு அந்த ரெக்கார்டைப் போடுவேன். யாரோ ஒருத்தி பாடி என் பிள்ளை தூங்கினான்."

டாக்டர் தரையைப் பார்த்தார்.

"நேத்து அவர் கையில குடுத்தது பழைய நடனப் பயிற்சி ரெக்கார்டு. பேரைச் சுரண்டிட்டுக் குடுத்தேன். கண்ணாடி போடாம, ஆசை தீர உடைச்சார். இன்னிக்கு நானே மேடையில போடப்போறேன். திருப்பிக் கேக்காதீங்க. எனக்கும் பழி தீர்க்கணும்."

கொசு பூட்டக்காவின் காதருகே குனிந்தான். "அக்கா, திருட்டுப் பொருளும் இங்க இருக்கு, திருடினவரும் இருக்காரு, திருடச் சொன்னவங்களும் இருக்காங்க. யாரைப் பிடிக்கிறது?"

"ஸ்டியரிங்கைப் பிடி," என்றாள் பூட்டக்கா. "நீங்க முன்னாடி ஏறுங்கம்மா. மணி ஆச்சு."

மண்டபத்தின் பக்கவாசலில், டாக்ஸியில் வந்து இறங்கிய தேக்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார் மைனாம்மா. காரிலிருந்து இறங்கிய முகத்தைக் கண்டதும் எழுந்தார். இரண்டு கிழவிகளும் எதிரெதிரே நின்றார்கள்.

"நீதானா அந்த மூஞ்சி?"

"நான்தான். நீங்கதானே அந்தக் குரல்?"

மைனாம்மா கையை ஓங்கினார். விழப்போகிறது என்றே கொசு நினைத்தான். மற்றவர் ஒதுங்கவில்லை. பையைத் திறந்து, துண்டில் சுற்றிய ரெக்கார்டையும் ஒரு பித்தளைப் பித்தானையும் நீட்டினார். ஓங்கிய கை இறங்கிப் பித்தானை மட்டும் எடுத்துக்கொண்டது.

"ரெக்கார்டை நீ வை. இதை நான் வைக்கிறேன்."

உள்ளே மேடையில் மாஸ்டர், கையில் பூச்செண்டோடு, முடிக்குச் சாயம் பூசி, வெள்ளைக் கோட்டில் வீற்றிருந்தார். "பொன் குரல்" என்று விழாத் தலைவர் நீட்டி முழக்கிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கிக்காரரின் மேஜையில் ஒரு நல்ல ரெக்கார்டு பெட்டி தயாராக இருந்தது. மாஸ்டரின் மனைவியே நேரில் வந்து இதைப் போடுங்கள் என்று சொன்னால், போடாமல் இருக்க அந்த மனிதருக்கு என்ன பைத்தியமா? ரெக்கார்டு சுழன்றது. மைனாம்மா ஊசிக்கை மேல் பித்தானை வைத்தார்.

சற்று நேரம் கரகரவென்ற இரைச்சல். பிறகு, பட்டுப் போன்ற ஒரு குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"மைனா, ரெடியா?"

ஒரு சிரிப்பு. வெள்ளிக் கிண்ணத்தில் ஸ்பூன் பட்டது.

"நான் எப்பவோ ரெடி மாஸ்டர்! நீங்க தாளம் தப்பாம இருங்க!"

கட்டைகள் தட்டின, கிலுகிலுப்பை ஒலித்தது, எக்காளம் ஒன்று சோம்பல் முறித்து எழுந்தது. *கதவைத் தட்டாதே, நான் உறங்கவில்லை* என்று ஒரு பத்தொன்பது வயதுப் பெண் பாடத் தொடங்கினாள். எத்தனையோ வருஷங்களாக எருமைக் குரலாகவே கேட்டுப் பழகிய தன் பாட்டை மைனாம்மா முதல் தடவை கேட்பவர் போலக் கேட்டார். அவர் உதடுகள் கூடவே அசைந்தன. சத்தம் மட்டும் வரவில்லை. வீங்கிய இடத்தை ஊசி எகிறாமல் கடந்தது.

மேடையில் பூச்செண்டு நழுவிக் கீழே விழுந்தது.

"யாருங்க மைனா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். "மாஸ்டர் வாயாலயே கூப்பிடறாரே!"

"நிறுத்து! அதை நிறுத்து!" என்று மாஸ்டர் கத்தினார். ஒலிபெருக்கிக்காரர் கையை நீட்டினார். அந்தக் கையைத் தடுத்தவர் அங்கி மாட்டிய பல் டாக்டர். அவர் மனம் எங்கே மாறியது, காரிலா, இந்தப் பாட்டிலா என்று கொசுவால் சொல்ல முடியவில்லை.

மாஸ்டரின் மனைவி மேடையேறி மைக்கின் முன் நின்றார். எல்லோரும் அவர் பாடப்போகிறார் என்று நினைத்தார்கள்.

"நான் என் வாழ்நாள்ல ஒரு பாட்டுக் கூடப் பாடினதில்லை," என்றார். "பாடினவங்க அதோ அங்க நிக்கிறாங்க."

கூட்டம் மொத்தமும் திரும்பியது. பாட்டு முடிந்தது. ஊசி நடுவில் போய் முனகிக்கொண்டிருந்தது. மாஸ்டர் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றியபடி, கடைசி நம்பிக்கையாக மைனாம்மாவைப் பார்த்தார். வயதாகிவிட்டது, பழைய பழக்கம், போதும், விட்டுவிடு என்று அந்தப் பார்வை கெஞ்சியது.

மைனாம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரெக்கார்டை எடுத்தார். பித்தானை எடுத்தார்.

"இது எனக்காக," என்றார் கரகரவென்று. பிறகு பக்கவாசலைப் பார்த்தார். அங்கே கொசு அந்தச் சோம்பேறித் தேக்குப் பெட்டியை முதுகில் சுமந்துகொண்டு மூச்சு வாங்க நின்றான்.

"அந்தப் பெட்டியை இறக்கு தம்பி. அடுத்தது அவனுக்காக."